போல்ட்டின் மேல் பொட்டு

“இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்குகிறது. ஹாரன் அடித்தால் ஆடு கத்துவதுபோல் சத்தம். விஜயதசமி அன்று ஹாரன் மாற்றிய வண்டி. கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.”

விஜயதசமிக்கு அடுத்த வாரம், புதன்கிழமை, காலை ஷிப்ட். இது நானே எழுதிய குறிப்பு. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஆனேக்கல் போகும் சாலையில், ஒரு டிராவல்ஸ்காரரின் கார்கள் நிற்கும் யார்டில் எனக்கு அப்போது டெஸ்க் வேலை. எந்த வண்டி எந்த ஆபீசுக்கு ஆள் ஏற்றப் போனது, எது வழியில் நின்றது என்று எழுத வேண்டும். டிரைவர்களை மைக்கில் கூப்பிட வேண்டும். நாள், கிழமை போடாமல் எதையும் எழுத எனக்குக் கை வராது. ஆனாலும் வருடத்தை இங்கே விட்டுவிடுகிறேன். அந்த டிரைவர்களில் பலர் இன்றும் அதே சாலையில் ஓட்டுகிறார்கள். ஊரடங்குக்கு முந்தைய காலம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அந்தக் குறிப்புக்குக் காரணமானவர் யார்டு வாசலை ஒட்டி ஒற்றை ஷட்டர் கடை வைத்திருந்தார். கார் எலெக்ட்ரிக் வேலை. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். சுடிதாரின் மேல் ஓர் ஆண் சட்டை, சட்டைப் பையில் டெஸ்ட் லேம்ப், வலது மோதிர விரலின் நுனியில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத சிவப்பு. கடை போர்டில் பெயர் கிடையாது. ஒரு பாட்டரி, அதன் நெற்றியில் ஒரு பொட்டு. அவ்வளவுதான் படம்.

நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். இந்தத் தொழிலுக்கு வந்தது எப்படி என்று என்னிடமே மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை, பாட்டரி கடையில் கணக்கு எழுதப் போனேன் என்றார். இன்னொரு தடவை, மாமன் மகன் விட்டுவிட்டுப் போன கடை என்றார். மூன்றாவதில் ஒரு சண்டை வருகிறது. எதையும் இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதி செய்ய முடியவில்லை என்பதால் மூன்றையும் விட்டுவிடுகிறேன். அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு யார்டே சாட்சி. அதை எழுதுவேன்.

கார் மின்வேலையில் ஒரு வம்பு உண்டு. இன்றைக்கு ஒரு பல்பு மாற்றுவீர்கள். நாளைக்கு அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று நின்றுபோகும். பழி கடைசியாகத் தொட்டவன் மேல் விழும். சில நேரம் அது நியாயம். கை போகும் வழியில் ஏதோ ஒரு ஒயர் இழுபட்டிருக்கும். சில நேரம் வெறும் தற்செயல். எந்த எலெக்ட்ரீஷியனும் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லும் முதல் வார்த்தை, “அதை நான் தொடவே இல்லை” என்பதுதான்.

அக்காவிடம் அந்த வார்த்தை கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு பழைய க்ரீம் டப்பாவைத் திறப்பார். குங்குமத்தை வார்னிஷில் குழைத்து வைத்திருப்பார். மோதிர விரலில் தொட்டு, கடைசியாக இறுக்கிய போல்ட்டின் தலையில், பாதி போல்ட்டிலும் பாதி தகட்டிலும் படும்படி ஒரு பொட்டு வைப்பார். காய்ந்துவிட்டால் மழைக்கும் அசையாது. யாராவது ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் இரண்டாக உடையும். பொட்டு முழுதாக இருந்தால் அந்த வண்டியில் கடைசிக் கை அவருடையது. எது கெட்டாலும் அவர் பொறுப்பு. உடைந்திருந்தால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

“வண்டிக்கெல்லாம் வைக்கிறியே, உனக்கு ஏன் பொட்டு வைக்கல?” என்று ஒருநாள் டிரைவர் ஏழுமலை சீண்டினார்.

“நான் கம்பெனி ஃபிட்டிங், குரு. இன்னும் ரிப்பேருக்கே வரல.”

டீக்கடை வரைக்கும் சிரிப்பு போயிற்று. டிரைவர்கள் எல்லோரும் அக்காவுக்கு ‘குரு’தான். குரு ஏழுமலைக்குக் காது சிவந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து அடுக்குமாடியில் குடியிருந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். சேலத்துக்காரர், சாஃப்ட்வேர் வேலை. முந்தின நாள் அவர் காரின் பின்பக்க பிரேக் லைட் பல்பை அக்கா மாற்றியிருந்தார். இன்று வண்டியில் பாட்டு வரவில்லை.

“உங்களைக் குறை சொல்லலீங்க. நேத்து வரைக்கும் பாடிச்சு, அதான்...”

அக்கா டிக்கியைத் திறந்து பார்த்தார். “என் பொட்டு அப்டியே இருக்குது. அப்போ நான்தான். குந்துங்க சார்.”

டீக்கடை பாபு ஓடி வந்தார். “அக்கா, உனக்கு பைத்தியமா? பின்னாடி பல்பு மாத்துனா முன்னாடி பாட்டு எப்டி நிக்கும்? ஒத்துக்காதே!”

“ஒயருக்கு முன்னாடி இன்னா, பின்னாடி இன்னா? நீ டீயப் பாரு, பொங்குது.”

ஃப்யூஸைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், சீட்டைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஸ்டீயரிங்கில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினார். வண்டி பாட ஆரம்பித்தது. சத்தத்தை நிறுத்தும் பொத்தான் அது. முந்தின நாள் சாயங்காலம் அந்த மனிதரின் குழந்தை மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் ஓட்டி விளையாடியிருக்கிறது.

“சரி, இது என் கை இல்ல. உங்க பாப்பா கை,” என்றார் அக்கா. “அடுத்த தபா பாப்பாக்கு ஒரு பொட்டு வச்சு உடுங்க.”

பொட்டு உடைந்திருந்தால் அவர் வேறு ஆள். சீட்டுக்கு அடியில் நீல விளக்கு எரியும் வண்டியோடு ஓர் இளவட்ட டிரைவர் வந்தான். பார்க் லைட் எரியவில்லையாம். அக்கா மேல் புகார்.

“சாமி சத்தியமா யாரும் தொடல அக்கா.”

“பொட்டு நடுவுல கோடு உழுந்திருக்குது பாரு.”

“மழையில கலைஞ்சிருக்கும்.”

“மழை ஸ்பேனர் எடுத்துக்கினு வந்துச்சா? இந்த நீல லைட் போட்டானே, அவன்கிட்ட போ. ‘நான் தொடவே இல்ல’ன்னு சொல்வான். அத கேட்டுக்கினு வா. அப்புறம் நான் செஞ்சு தர்றேன்.”

அவன் போனான், அதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அக்கா செய்து கொடுத்தார். பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கும்போது அவர் முகத்தில் ஓர் இறுமாப்பு தெரியும். பணிவு அவருக்கு வராது. “என் கை பட்டா அது என் வண்டி” என்று எவரிடமும் சொல்வார். உரிமைக்காரனிடமே சொல்வார்.

அந்த வருட நவராத்திரிக்கு முன் யார்டு சூப்பர்வைசர் லோகேஷ் ஒரு சேதி கொண்டுவந்தார். தீபாவளியிலிருந்து யார்டின் எல்லாக் கார்களுக்கும் மின்வேலை அக்காவுக்கே. முதலாளி ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டார். அக்கா பக்கத்து ஷட்டரையும் பேசி வைத்தார். ஒரு சாயங்காலம் என் டெஸ்க்குக்கு வந்து, எழுதிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

“சார், உன் கையெழுத்து நல்லா இருக்குதே. ஒரு பேரு எழுதிக் குடு. தமிழ்ல, கன்னடத்துல. போர்டுக்காரனுக்குக் குடுக்கணும்.”

“யார் பேரு?”

“யார் பேரா? என் பேருதான். இந்த தபா போர்டுல பேர் போடலாம்னு இருக்கேன்.”

எழுதிக் கொடுத்தேன். தன் பெயரை இரண்டு எழுத்திலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கன்னடத்துல குண்டா இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. யார்டு முழுக்க வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, உடைத்த பூசணிக்காய். அக்கா கடையில் ஒரு பெரிய தாம்பாளத்தில் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், டெஸ்ட் லேம்ப், பெட்டி பிரிக்காத ஹாரன்கள், புதிதாக வாங்கிய போல்ட்டுகள். அன்று வார்னிஷ் டப்பாவுக்கு வேலை இல்லை. இழைத்த ஈரச் சந்தனமும் குங்குமமும். ஒன்று விடாமல் பொட்டு. ஈரச் சந்தனம் போல்ட்டுகளின் அடிவரை வழிந்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஓய்வில் வைத்த ஆயுதத்தை எடுத்துப் புது வேலை தொடங்கும் நாள். அக்காவின் கைராசி மேல் டிரைவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. முதல் வேலை அவர் கையால் என்று காலையிலேயே வரிசை கட்டிவிட்டார்கள். டிராவல்ஸ்காரரும் புது ஹாரன் மாற்றச் சொல்லியிருந்தார். சின்ன வேலைதான். அக்கா தாம்பாளத்திலிருந்து ஹாரனை எடுப்பார், போல்ட்டை எடுப்பார், மாட்டுவார், வழக்கம்போல் தலையில் வார்னிஷ் பொட்டு வைப்பார். சந்தனப் பொட்டைத் துடைக்கவில்லை. பூஜையில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா?

இங்கே ஒரு விளக்கம் தேவை. காரில் மின்சாரம் பாட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. ஒயரை அந்த உடம்போடு சேர்த்து இறுக்குவதற்கு எர்த் போல்ட் என்று பெயர். அந்த இடத்தில் உலோகத்தோடு உலோகம் வெறுமையாக ஒட்ட வேண்டும். நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. அந்த வண்டிகளில் ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் முன்பக்கத்தில் ஒரே எர்த் போல்ட்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் புதன்கிழமைக் காலையில்தான் ஏழுமலை நேராகக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“இன்னாக்கா பண்ணி வச்சிருக்க? மேம்பாலத்து மேல லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட் கண்ணடிக்குது! பின்னாடி குந்தினு இருந்த மேடம் பயந்துட்டாங்க. ஆபீஸ் கேட்ல இந்த வண்டி உள்ள வரக் கூடாதுன்னுட்டான். ஹாரன்தானே மாத்தச் சொன்னேன்?”

அக்கா பானெட்டைத் திறந்தார். போல்ட்டின் தலையில் வார்னிஷ் பொட்டு முழுதாக இருந்தது.

“என் கைதான்,” என்றார்.

“ஒத்துக்கினா ஆச்சா?”

“இரு குரு. எங்கன்னு பாக்கணும்ல.”

போல்ட்டைக் கழற்றினார். அடியில், ஒயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே, மழை ஈரத்தில் ஊறிய சந்தனம் பச்சையும் பழுப்புமாய்ப் பிசுபிசுத்தது. அதை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அப்போது அவர் முகம் மாறியதை நான் டெஸ்க்கிலிருந்தே பார்த்தேன். தாம்பாளத்தில் இருந்த போல்ட்டுகள் அத்தனையும் ஒவ்வொன்றாய் எந்தெந்த வண்டிக்குப் போயின என்று நினைத்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு லோகேஷ் வந்துவிட்டார். கன்னடக்காரர், அக்காவிடம் தமிழில்தான் பேசுவார்.

“அக்கா, ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணு. வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல. வர்ற வண்டிய வர்றப்போ பார்த்துக்கோ. எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டா ஓனர் காதுக்குப் போகும். தீபாவளி வேல கைவுட்டுப் போயிடும்.”

“அந்த வண்டிங்கள்ல ராத்திரி ஷிப்டுக்குப் பொண்ணுங்க போவுது லோகேசு. பாலத்து மேல லைட் நின்னா?”

“நிக்காது. ஒண்ணு ரெண்டு மினுக்கும், அவ்ளோதான்.”

“அது உனக்குத் தெரியுமா?”

லோகேஷுக்குத் தெரியாது. ஷட்டருக்கு மேலிருந்த போர்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “போர்டு வேற சொல்லிட்டே...” என்றார்.

“போர்டுல என் பேர் வர்றதுக்கு, இது என் கை இல்லன்னு நான் சொல்லணுமா?”

விறுவிறுவென்று என் டெஸ்க்குக்கு வந்தார். “சார், மைக்கக் குடு.”

கொடுத்தேன். அதுவரை அந்த மைக்கில் வந்ததெல்லாம் வண்டி எண்களும் சில திட்டுகளும்தான். அவர் சொன்னதை அப்போதே எழுதி வைத்தேன்.

“எல்லாருக்கும் சொல்றேன். நான் ஷட்டர் கடை அக்கா பேசறேன். விஜயதசமி அன்னிக்கு என் கையால ஹாரன் மாத்துன வண்டிங்க ஒண்ணு உடாம கடைக்கு வரணும். இப்போ நல்லா ஓடுதுன்னு நெனச்சுக்கினு இருக்காதீங்க. பூஜை சந்தனத்த தொடைக்காம போல்ட்டு மாட்டிட்டேன். மழை தண்ணி எறங்குனா லைட்டு மக்கர் பண்ணும். தப்பு கம்பெனிது இல்ல, ஹாரன்து இல்ல. என்னுது.”

அதையே கன்னடத்தில் சொன்னார். மைக்கை என்னிடம் நீட்டியவர், மறுபடி வாங்கி உருதுவிலும் சொன்னார்.

யார்டில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் டெஸ்க் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேலி கிளம்பிற்று. “அக்கா, குங்குமம் வச்சா ஹாரன் அழுவுமா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

“உனக்கு வச்சா நீயே அழுவ. மொதல்ல உன் வண்டிய எடுத்துக்கினு வா!”

வந்தார்கள். டூட்டி முடித்து ஒவ்வொருவராக வந்தார்கள். போல்ட்டைக் கழற்றி, எமரி பேப்பரால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, வெறும் உலோகத்தின் மேல் புது போல்ட் இறுக்கி, தலையில் வார்னிஷ் பொட்டு. சில வண்டிகளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, இணைப்பு நன்றாகவே இருந்தது. அவற்றையும் தேய்த்தார். சிலர் முறைத்துக்கொண்டே வண்டியைக் கொடுத்தார்கள். ஏழுமலை மட்டும் தன் வண்டி முடிந்த பிறகும் போகவில்லை. வருகிறவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டு, “எங்க அக்கா கூப்பிட்டா வரணும், ஆமா” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை சண்டைக்கு வந்தவர் அவர்தான்.

லோகேஷ் சொன்னதுபோலவே ஆயிற்று. சேதி முதலாளி காதுக்குப் போயிற்று. தீபாவளி வேலை பொம்மசந்திரா பக்கத்து வேறொருவருக்குப் போனது. புதியவர் வந்த முதல் வாரமே ஒரு டிரைவர் ஏதோ புகார் கொண்டுபோக, “அதை நான் தொடவே இல்லை” என்றார் அவர். யார்டு சிரித்தது. அவருக்கு ஏன் என்று புரிந்திருக்காது. அக்கா பேசி வைத்திருந்த பக்கத்து ஷட்டரில் பிரியாணி பார்சல் கடை வந்தது. போர்டு எழுதப்படவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாள் என்ன ஆனதென்று கேட்கவும் இல்லை. தன் கடை வாசலில் அவர் போட்டுக்கொள்ளாத பெயரை நான் இங்கே போடப்போவதில்லை.

பொட்டு வைப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று சிலர் இன்று சொல்கிறார்கள். தவறு. அடுத்த ஆயுத பூஜைக்கும் தாம்பாளம் நிறையப் பொட்டு வைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுநாள் போல்ட்டுகளின் அடியை மட்டும் துணியால் துடைத்தார். “சாமிக்கு எடம் மேல, சார். அடில இல்ல,” என்றார். வாடிக்கையாளர்கள் குறைந்தார்களா என்றால், யார்டு வேலை போனதே தவிர அடுக்குமாடிக்காரர்கள் கூடினார்கள். அந்தச் சேலத்துக்காரர் தன் மாடி முழுவதையும் அனுப்பினார். பெரிய பெரிய கார் கம்பெனிகள் பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம், ஒற்றை ஷட்டர் கடைக்காரர் ஒருவர் அதை மூன்று மொழியில் செய்ததைக் கேட்டவன் நான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். எனக்கு அலுக்கவில்லை.

ஒன்று பாக்கி. விஜயதசமி வரிசையில் யார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வண்டியும் புகுந்திருந்தது. பழைய வெள்ளைக் கார், தமிழ்நாட்டு நம்பர். ஓசூர் போகிற வழியில் ஹாரன் வேலை செய்யவில்லை என்று நிறுத்தியவர், மாற்றிக்கொண்டு போய்விட்டார். மைக் அறிவிப்பு அவருக்குக் கேட்டிருக்காது. பெயர் தெரியாது; நம்பரை யாரும் குறிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓட்டுகிறவர், ஆனேக்கலில் தங்குகிறவர் என்று பேச்சில் வந்தது மட்டுமே அக்காவுக்கு நினைவு.

மைக்கில் அறிவித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அக்கா ஆனேக்கலுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு துணிப்பையில் ஸ்பேனர், எமரி பேப்பர், பொட்டு டப்பா. கல்யாண மண்டப வாசல்களில் நிற்கும் வெள்ளைக் கார்களின் டிரைவர்களைப் பிடித்து பானெட்டைத் திறக்கச் சொல்வார். “ஒருத்தன் என்னைப் பாட்டரி திருடின்னுட்டான் சார்,” என்று சிரித்தார். கிடைத்ததா என்று திங்கட்கிழமைகளில் நான் கேட்பேன். “கெடைக்கும்,” என்பார்.

ஊரடங்கு வந்து ஆபீஸ்கள் மூடின, யார்டு காலியாயிற்று, அக்காவும் ஷட்டரைக் காலி செய்துகொண்டு போனார். எங்கே என்று இரண்டு பேர் இரண்டு ஊர் சொல்கிறார்கள். போவதற்கு முன் என்னிடம், “அந்த வெள்ள வண்டிய முடிச்சிட்டேன் சார்,” என்றார். எங்கே, எப்போது என்று கேட்பதற்குள் டெம்போக்காரன் ஹாரன் அடித்தான், ஏறிவிட்டார்.

இதை எழுதுவதற்காக ஆனேக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வாடகைக் கார் டிரைவர்களுக்கு, ஸ்பேனரோடு வந்த பெண்ணை நினைவிருக்கிறது. வெள்ளைக் காரைக் கண்டுபிடித்தாரா என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மெக்கானிக் மட்டும், பழைய வெள்ளைக் கார் ஒன்றின் எர்த் போல்ட்டைக் கழற்றியபோது தலையில் சிவப்புப் பொட்டு இருந்தது என்றும், அடியில் தகடு பளபளவென்று தேய்த்திருந்தது என்றும் சொன்னார். வண்டி நம்பர் அவரிடம் இல்லை. எந்த வருடம் என்பதிலும் அவருக்குச் சந்தேகம். அது அந்த வண்டிதானா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.